இளவெயில் காட்டினால் போதாதா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு மாதம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறேன். உடம்பு வலி தாங்காமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன்; வைட்டமின் டி 9 நானோகிராம் என்று வந்தது. குழந்தைக்கும் தினமும் டி சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். “எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டினால் போதும், பச்சைப் பிள்ளைக்கு எதற்கு மருந்து?” என்கிறார் மாமியார். என் பாலில் சத்து இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் பாலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எந்தத் தாயின் பாலிலும் வைட்டமின் டி குறைவுதான். பொதுவாக லிட்டருக்கு 80 யூனிட்கூட இருக்காது. குழந்தைக்கோ நாளொன்றுக்கு 400 யூனிட் வேண்டும். அதனால்தான் பிறந்தது முதல் ஓராண்டு நிறையும்வரை சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறோம். தாய்ப்பாலை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்த வேண்டாம்.

வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியாக உங்களிடமிருந்து வந்ததுதான் குழந்தையின் முதல் இருப்பு. ரத்தத்தில் வைட்டமின் டி 12 நானோகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை. உங்களுக்கே 9 என்றால், மகன் பிறக்கும்போதே அவனிடம் இருப்பு மிகக் குறைவாக இருந்திருக்கும். ஆகவே டாக்டர் சொன்னது சரி.

மாமியாரின் அக்கறையை நான் மதிக்கிறேன். சிறிது நேரம் இளவெயில் காட்டுவதில் கெடுதல் இல்லை. எண்ணெயை மூக்கிலும் காதிலும் மட்டும் விடாதீர்கள். ஆனால் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா-பி கதிர்கள் காலைச் சாய்வெயிலில் மிகக் குறைவு. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அவை போதுமான அளவு கிடைக்கும். அந்த வெயிலில் கைக்குழந்தையைக் காட்டவே கூடாது. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலாலும் பயனில்லை.

சொட்டு மருந்தில் அளவுதான் முக்கியம். ஒரு கம்பெனி மருந்தில் 1 மில்லியில் 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் 800, வேறொன்றில் ஒரே சொட்டில் 400. கடைக்காரர் வேறு பாட்டில் கொடுத்தால் பழைய அளவிலேயே ஊற்றிவிடாதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல் வரும், சிறுநீரகமும் கெடும். பெரியவர்களுக்கான 60,000 யூனிட் பாக்கெட் குழந்தையின் 150 நாள் அளவு. அதைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உங்களுக்கும் சிகிச்சை வேண்டும். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் அரசு மருத்துவமனையில் தரும் கால்சியம் மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியத்துடன் 250 யூனிட் டி இருக்கிறது. பிரசவம் முடிந்ததும் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதம்வரை தினம் இரண்டு சாப்பிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இருந்தாலும் 9-ஐ ஏற்றுவதற்கு அது மட்டும் போதாது. தனியாக மருந்து எழுதித் தருவார்கள்.

நன்றாகப் பால் குடித்து வளரும் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை அவசியமில்லை. வலிப்பு வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வைட்டமின் டி பற்றாக்குறையால் கால்சியம் குறைந்தும் வலிப்பு வரலாம்.

அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையின் மருந்து பாட்டிலையும் உங்கள் பரிசோதனை முடிவையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.