இருள் தந்த மலர்கள்

நுழையும்முன்
செடிக்கு ஒளியும் நீரும் வேண்டும் என்பதை அனைவரும் அறிவர். சில செடிகள் பூப்பதற்கு இருளும் வேண்டும். அத்தகைய செடி ஒன்றை இப்பாடத்தில் அறிவோம்.

தில்லியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, குளிர்காலத்தின் முடிவில் கலாஞ்சோச் செடி ஒன்றை வாங்கி வந்தாள். அதன் சிவந்த மலர்க்கொத்துகள் பல வாரங்கள் வாடாமல் இருந்தன. மலர்கள் உதிர்ந்தபின், மீண்டும் பூக்கட்டும் என்று நாள்தோறும் நீர் ஊற்றினாள். இலைகள் மஞ்சள் நிறமாயின. தண்டின் அடிப்பகுதி அழுகத் தொடங்கியது.

திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சி இலையைத் தொட்டுப் பார்த்தார். "எவ்வளவு தடிப்பாக இருக்கிறது, பார் அம்மா! நம் ஊரில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று ஒரு செடி உண்டு. இது அதற்கு உறவு போலத் தோன்றுகிறது. வேண்டிய நீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். தாகம் இல்லாத செடிக்கு ஏன் நீர் ஊற்றுகிறாய்?" என்றார்.

ஆச்சி கூறியது உண்மையே. ரணகள்ளி என்றும் அழைக்கப்படும் அச்செடியும் கலாஞ்சோவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டின் தாயகமும் மடகாஸ்கர் தீவு. ரணகள்ளி இலையின் விளிம்பில் சிறு செடிகள் முளைப்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. வண்ண மலர்க் கலாஞ்சோவை 1932ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராபர்ட் பிளாஸ்ஃபெல்டு என்பவர் அறிமுகப்படுத்தினார். இன்று சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு எனப் பல நிறங்களில் இது கிடைக்கிறது.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறக்கின்றன. சதைப்பற்றுள்ள இச்செடியோ இரவில் திறந்து, பகல் வெப்பத்தில் மூடிக்கொள்கிறது. அதனால் நீர் வீணாவதில்லை. மண்ணில் நீர் தேங்கினால் வேர்களுக்குக் காற்றுக் கிடைக்காது, அவை அழுகிவிடும்.

ஆச்சியின் சொற்படி, அழுகாத நுனித்தண்டு ஒன்றை நான்கு விரல் நீளத்தில் மாணவி வெட்டினாள். வெட்டிய இடம் காய்வதற்காக இரண்டு நாள் நிழலில் வைத்தாள். பின்னர் செம்மண், மணல், மட்கிய எரு கலந்த தொட்டியில் நட்டாள். அடியில் துளையுள்ள தொட்டியையே தேர்ந்தெடுத்தாள். விரலால் தொட்டு மண் காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றினாள். சில வாரங்களில் அது வேர்விட்டது.

அடுத்த குளிர்காலம் வந்தது. செடி செழித்திருந்தது, ஆயினும் மொட்டு இல்லை. அறிவியல் ஆசிரியர் காரணத்தை விளக்கினார். கலாஞ்சோ, நீண்ட இரவுகளைக் கண்டால்தான் பூக்கும் செடி. ஏறத்தாழ ஆறு வாரங்கள், ஒவ்வோர் இரவும் 14 மணி நேரம் தொடர்ந்து இருள் கிடைத்தால் நன்கு மொட்டு விடும். டிசம்பர் இறுதியில் சென்னையில் இரவு பன்னிரண்டரை மணி நேரத்தைச் சற்றே கடக்கும். தில்லியிலோ பதின்மூன்றரை மணி நேரத்திற்கும் மேல் நீளும். ஆனால் செடி இருந்த கூடத்தில் இரவு பதினொரு மணிவரை விளக்கு எரிந்தது. செடிக்கு அது பகலாகவே இருந்தது.

அன்றுமுதல் மாணவி மாலை ஐந்து மணிக்குச் செடியை அட்டைப்பெட்டியால் மூடினாள். காலை ஏழு மணிக்குத் திறந்து, வெளிச்சமுள்ள சன்னலருகில் வைத்தாள். ஒருநாளும் தவறவில்லை. ஆறு வாரங்கள் கழிந்தபின் இலைகளின் நடுவே சிறு மொட்டுகள் தோன்றின.

அன்று தொலைபேசியில், "ஆச்சி, நீரைக் குறைக்கச் சொன்னீர்கள், நான் விளக்கையும் குறைத்தேன்!" என்றாள். மறுமுனையில் ஆச்சி சிரித்தார்.

தெரிந்து தெளிவோம்
கலாஞ்சோவை உண்டால் நாய், பூனைகளுக்கு நஞ்சாகும். அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே குறையும் இரவுகளில் வீட்டினுள் வைப்பது நல்லது.

சொல்லும் பொருளும்
விளிம்பு – ஓரம்
மட்கிய – மக்கிப்போன
பேரினம் – உறவுடைய உயிரினங்களின் தொகுதி

வினாக்கள்
1. முதற்செடி அழுகியதற்குக் காரணம் என்ன?
2. ரணகள்ளிக்குக் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்னும் பெயர் ஏன் வந்தது?
3. செடி செழித்திருந்தும் பூக்காதது ஏன்? விளக்குக.

செயல்பாடு
உம் வீட்டுப் பெரியோரிடம் பேசி, அவர்தம் ஊர்ச் செடிகள் மூன்றின் பெயர்களையும் பெயர்க்காரணங்களையும் எழுதுக.