கூரைமேல் குளிர்சாதனமும் கட்டட ஒழுகலும்

ஆலயங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் முன்னோர் எழுதிவைத்த கடைவீடுகளின் வாடகைப் பணம் விளக்கெரியவும், அன்னதானம் நடக்கவும், ஏழை மாணவர் படிக்கவும் பயன்படுகிறது. எனவே அக்கட்டடங்களின் கூரையைக் காப்பதும் அறப்பணியே ஆகும்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் ஓட்டுக்கூரையும் காற்று முற்றமும் கொண்டு, வெப்பம் தானாகவே வெளியேறும்படி கட்டப்பட்டவை. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுற்றது. 2008இல் இந்நகர் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன்பின் பல கடைவீடுகள் தங்குவிடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டிகள் பின்கட்டின் மொட்டைமாடியில் ஏறின. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இவ்வூரில், கூரையில் இடும் ஒவ்வொரு துளையும் நீருக்கு வழியாகிவிடும்.

ஒழுகலுக்கான காரணங்கள் சில:

1. பெட்டியை நிறுத்த அடிக்கும் திருகாணிகள் நீர்காப்புப் பூச்சைத் துளைக்கின்றன. இயந்திரத்தின் அதிர்வால் அத்துளைகள் நாளடைவில் அகல்கின்றன.

2. குழாயும் மின்கம்பியும் கூரையைத் துளைத்து இறங்கும் இடத்தில் பூசிய பசை வெயிலில் வெடித்துவிடுகிறது.

3. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகிறது. அந்நீரை வெளியேற்றும் குழாய் பாசியால் அடைபட்டால் தட்டு நிரம்பி வழியும். குளிர்வாயுக் குழாயைச் சுற்றிய உறை கிழிந்தாலும் அவ்விடத்தில் நீர் வியர்த்துச் சொட்டும்.

4. பெரிய மண்டபங்களில் முழு இயந்திரமும் கூரைமேலேயே இருக்கும். அதன் வடிகுழாயில் 'யு' வடிவ வளைவு இல்லையெனில், விசிறியின் இழுப்பு நீரை வெளியேற விடாது. நீர் காற்றுக்குழாய் வழியே கீழே இறங்கும்.

5. பழுதுபார்ப்போர் விட்டுச்செல்லும் திருகாணிகள் மிதிபட்டுப் பூச்சைக் கிழிக்கின்றன. உறைத்துண்டுகள் வடிவாயை அடைக்கின்றன. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவும் பெருகுகிறது.

இவற்றுள் எது காரணம் என்று அறிய எளிய வழி உண்டு. ஒழுகும் நாளையும் நேரத்தையும், அப்போது மழை பெய்ததா, குளிர்சாதனம் ஓடியதா என்பதையும் ஒரு ஏட்டில் குறித்து வாருங்கள். பல நாள் மழையின்றி இருந்தும், குளிர்சாதனம் ஓடும்போது மட்டும் சொட்டினால் வடிகுழாயையும் உறையையும் பார்க்க வேண்டும். மழையில் மட்டும் ஒழுகினால் துளைகளையும் பூச்சையும் ஆராய வேண்டும். சொட்டும் இடத்திற்கு நேர்மேலேதான் பழுது இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நீர் கான்கிரீட்டினுள் நெடுந்தூரம் ஓடி வரும்.

இக்குறிப்பு இல்லாவிடில், கூரைக்காரர் குளிர்சாதனக்காரரைக் குறை கூறுவார். இவர் அவரைக் கூறுவார். அறக்கட்டளைப் பணமோ வீணாகும்.

பெட்டியை உயர்ந்த கான்கிரீட் மேடையில் நிறுத்துவது நன்று. வடிகுழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான கனமழைக்கு முன்பே கூரையைச் சோதித்துவிட வேண்டும். கூரை ஏறுவோர் பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் பதிவு செய்வதும் அவசியம்.

உபயதாரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டபத்திற்குக் குளிர்சாதனம் வழங்க முன்வருவோர், மேடைக்கும், முறையான வடிகுழாய்க்கும், சில ஆண்டுப் பராமரிப்புக்கும் சேர்த்தே வழங்குங்கள். கருவியில் பொறிக்கும் உபயதாரர் பெயரைப் பலரும் காண்பர். வடிகுழாயில் எவர் பெயரும் இராது. ஆனால் மேலே கூரையையும் கீழே கூடியிருக்கும் அடியார்களையும் காப்பது அந்தக் குழாயே.