வலை வாங்கப் போகும் தம்பிக்கு

படிப்பை முடித்த கையோடு தொழிலுக்கு வரும் பழவேற்காட்டுப் பிள்ளைகள் வலை எடுப்பதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. ஒருவன் பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குகிறான். இன்னொருவன் மாமனார் வீட்டில் மதிப்பு வேண்டும் என்று அப்பா வற்புறுத்த, வியாபாரியிடம் முன்பணம் வாங்கி எடுக்கிறான். நம் ஏரிக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து வாங்குகிறவன் குறைவு.

படகில் குழப்பமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கும் ஃபைபர்தான். வெடிப்பு விட்டால் ஒட்டிக்கொள்ளலாம். எஞ்சின் கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டும். ஏரியிலோ பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். பெரிய எஞ்சின் போட்டால் சேற்றைத்தான் கலக்கும்.

பணம் கரைவது தங்கூஸ் வலையில். ஒற்றை இழை, கண்ணாடி மாதிரி; தண்ணீரில் மீனுக்குத் தெரியாது. அதனால் முதல் சில வாரம் நன்றாகவே படும், அதை மறுக்கவில்லை. ஆனால் நண்டு ஏறினால் கிழிந்துபோகும். நண்டைப் பிரித்தெடுப்பதற்குள் சுற்றியுள்ள கண்ணிகளும் போய்விடும். விறைத்த இழையில் முடிச்சு நிற்காது, வழுக்கும். அதனால் யாரும் பொத்துவதில்லை, வீசிவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். வெயிலில் கிடந்தால் இழை நொறுங்கும். ஏரியில் அறுந்து போன துண்டோ மட்காது. ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். வலையும் போய், நாளை நாம் பிடிக்க வேண்டிய மீனும் போகிறது. முன்பணம் மட்டும் தீராது. கொடுத்தவர் சொல்லும் விலைக்கே மீனைப் போட வேண்டும்.

பழையதெல்லாம் உயர்வு என்று நான் சொல்லவில்லை. பருத்தி வலையைத் தினமும் உலர்த்தாவிட்டால் இற்றுவிடும். நைலான் வந்துதான் அந்தப் பாடு தீர்ந்தது. பல இழை முறுக்கிய நைலான் நூல் வலையை எடுங்கள். என் வீட்டில் என்றைக்கும் அதுதான். விலை கூடுதல், மீன் கொஞ்சம் குறைவாகவும் படலாம். ஆனால் கிழிந்த இடத்தை அன்று மாலையே பொத்திவிடலாம். கடையில் ஒரு கண்ணியை இரு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். முடிச்சு நகர்ந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று செட் வலை வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். நம் ஏரியில் பாட்டு முறை உண்டு. இன்ன இடம் இன்ன நாளில் இன்னாருக்கு என்று ஊர் வகுத்தது. வீட்டில் எத்தனை வலை குவிந்தாலும் உங்கள் முறை முந்தி வராது. முறை வரும் நாளில் கிழிசலில்லாத ஒரு வலை இருந்தால் போதும்.

தம்பி, வலை பொத்துவது ஒரு நாளில் வராது. சிலருக்குச் சீக்கிரம் படியும், சிலருக்கு ஒரு பருவமே ஆகும். விடாமல் உட்கார்ந்தால் எல்லாருக்கும் வரும். கை பழகியவனுக்கு ஏரியில் தண்ணீர் வற்றும் கோடையிலும் வேலை இருக்கும். முன்பணத்துக்குக் கை நீட்டுமுன் வீட்டிலுள்ள பழைய வலையைத் திண்ணையில் விரித்து, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் முகத்துவாரம் வழியாக இறால் ஏரிக்குள் வருமுன் அதைப் பொத்தி முடித்துவிடலாம்.