ஸ்வாப் இல்லாத கணினியில் மெமரி தீர்ந்தால்

கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினி பழகுவது லினக்ஸில்தான். 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் 2017-ல் கைட் என்ற அரசு நிறுவனமானது. அது பள்ளிகளுக்குத் தருவது உபுண்டுவை ஒட்டி அமைத்த இயங்குதளம். மூணாறுக்கு மேலே, மாட்டுப்பட்டித் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் பார்ப்பதும் அதுவே. வீட்டுப் பழைய 4 ஜிபி லேப்டாப்பில் அதையே போடும்போது ஸ்வாப் (மெமரி நிரம்பினால் தரவை ஒதுக்கி வைக்கும் இடம்) விட்டுப்போனால், ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் பிரவுசரில் நிறைய டேப், கூடவே லிப்ரே ஆபிஸ்; மவுஸ் அம்பு உறைந்து நிற்கும், டிஸ்க் விளக்கு மட்டும் ஓயாமல் மின்னும்.

ஸ்வாப்தான் இல்லையே, டிஸ்குக்கு என்ன வேலை? புரோகிராம்கள் மெமரியில் வைத்திருக்கும் தரவை வெளியே தள்ள இடமில்லாததால், கெர்னல் அந்த புரோகிராம்களின் குறியீட்டையே மெமரியிலிருந்து அகற்றுகிறது. அடுத்த நொடியே அது தேவைப்படும்; மறுபடி டிஸ்கிலிருந்து படிக்கும். கடைசியில், மெமரி தீர்ந்தால் புரோகிராம்களை மூடும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் வந்து எதையாவது முடிக்கும், ஆனால் ரொம்பத் தாமதமாக. 2019 ஆகஸ்டில் கெர்னல் உருவாக்குநர்களிடையே இது பெரிய விவாதமாகவே வெடித்தது.

முதலில் நோய் இதுதானா என்று பார்க்க வேண்டும். டெர்மினலில் 'ஃப்ரீ' கட்டளையைக் கொடுத்தால் 'ஃப்ரீ' என்ற பத்தி சிறிதாக இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 'அவைலபிள்' பத்திதான் நிஜக் கணக்கு. அது சில நூறு எம்பிக்கு இறங்கி, ஸ்வாப் வரிசையில் சுழியும் இருந்தால் சந்தேகமே இல்லை. ஒரே புரோகிராம் மணிக்கு மணி ஊதிக்கொண்டே போனால் அது மெமரி லீக். எவ்வளவு ஸ்வாப் கொடுத்தாலும் விழுங்கிவிடும். அதை மூடித் திறப்பதே வழி.

லீக் இல்லாதவர்களுக்கு முதல் தேர்வு இசட்ரேம். மெமரியின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப்பாக்கும் வித்தை இது. பெரும்பாலான தரவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். டிஸ்கைத் தொடாது என்பதால் பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப்புக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. 2014-லேயே கெர்னலில் சேர்ந்துவிட்டது. 2020-ல் ஃபெடோரா 33 இதை இயல்பாகவே தந்தது. கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன்களிலும் பெரும்பாலும் இதே உத்திதான்.

எஸ்எஸ்டி இருந்தால் 2 முதல் 4 ஜிபி ஸ்வாப் கோப்பும் நல்லது. பார்ட்டிஷனைக் கலைக்க வேண்டியதில்லை, உபுண்டுவே 17.04-லிருந்து கோப்புக்கு மாறிவிட்டது. மெமரியில் இருந்தவை அதில் எழுதப்படுவதால், ரூட் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியை 600 ஆக்குவது அவசியம். கோப்புக்கு இன்னொரு பயன் உண்டு: மழைக்காலத்தில் கரண்ட் போய், பேட்டரியும் நொண்டினால் ஹைபர்னேட் செய்ய டிஸ்கில் ஸ்வாப் வேண்டும், அதுவும் மெமரி அளவுக்கு. இசட்ரேமால் அது முடியாது.

ஏர்லிஓஓஎம், சிஸ்டம்டி-ஓஓஎம்டி போன்றவை கணினி உறைவதற்கு முன்பே ஒரு புரோகிராமைப் பலியிடும். உபுண்டு 22.04-ல் இரண்டாவது இயல்பாகவே வந்தபோது, வேலை நடுவில் பிரவுசர் முழுசாக மறைகிறது என்று பலர் கடிந்துகொண்டார்கள். சேமிக்காத கட்டுரை போவது, பவர் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் இழப்பதைவிட மேல்தான். ஆனாலும் இவை இசட்ரேமுக்குத் துணையாக இருக்கட்டும், மாற்றாக அல்ல.

காசு இருந்தால் ரேம் கூட்டுவதே நேர்வழி. வாங்கப் போகுமுன் லேப்டாப்பைத் திறந்து காலி ஸ்லாட் இருக்கிறதா, டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பார்த்துவிட வேண்டும். ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது. சில மெலிந்த மாடல்களில் ரேம் போர்டோடு பற்றவைத்தே வரும். அதற்கு இசட்ரேம்தான் கதி.