கண்ணாடியில் எழுதிய பாடம்

நோக்கம்: படத்தை வரலாற்றுச் சான்றாகப் படிக்கப் பழகுதல்
பாடத் தொடர்பு: சமூக அறிவியல், அறிவியல்

இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஃபேர்ஃபோர்டு என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பங்குக் கோயிலான புனித மரியாள் ஆலயத்தை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் டேம் என்ற கம்பளி வணிகர் புதுப்பித்துக் கட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அதன் 28 சாளரங்களிலும் வண்ணக் கண்ணாடி ஓவியங்கள் இடம்பெற்றன. சமயச் சீர்திருத்தக் காலத்தில் பல ஆலயங்களில் இத்தகைய ஓவியங்கள் உடைக்கப்பட்டன. இங்குள்ளவை பெரும்பாலும் தப்பின. இரண்டாம் உலகப்போரின்போது இவற்றைக் கழற்றிப் பாதுகாத்தனர்.

புனிதரை அடையாளம் காண்பது எப்படி?

முகத்தை வைத்து அல்ல. கையிலுள்ள பொருளை வைத்து. திறவுகோல் இருந்தால் பேதுரு. பெருக்கல் குறி போன்ற சிலுவை இருந்தால் அந்திரேயா. கிண்ணம் இருந்தால் யோவான். எழுத்தாணியும் ஓலைச்சுவடியும் கண்டதும் நாம் வள்ளுவர் என்கிறோமே, அதுபோல.

இடமும் பொருள் தருகிறது. திருத்தூதர் பன்னிருவருக்கு எதிரே இறைவாக்கினர் பன்னிருவர் நிற்கின்றனர். மேல் வரிசையில் வெயில் படும் தெற்குப் பக்கம் மறைச்சாட்சிகளுக்கு. வடக்குப் பக்கம் அவர்களைத் துன்புறுத்தியோருக்கு.

நிறம் எப்படி வந்தது?

உருகிய கண்ணாடியில் கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் சிவப்பு, மாங்கனீசு சேர்த்தால் ஊதா. வெள்ளிச் சேர்மத்தைப் பூசிச் சூளையில் சுட்டால் மஞ்சள். துண்டுகளை ஈயப் பட்டைகள் இணைக்கின்றன.

ஒரு கேள்வி

'படிக்கத் தெரியாதவர்களின் புத்தகம்' என்று இச்சாளரங்களைச் சொல்வது வழக்கம். ஆனால் ஃபேர்ஃபோர்டில் திருத்தூதர்களோடு உள்ள விசுவாச அறிக்கை வரிகள் லத்தீனில் உள்ளன. அக்கால ஊர்மக்களில் பெரும்பாலோருக்கு லத்தீன் தெரியாது. திறவுகோலின் கதையை முன்பே கேட்டவருக்குத்தான் அது பேதுருவைக் காட்டும். கேட்காதவருக்கு அது வெறும் சாவி. கேட்ட கதையைப் படம் நினைவில் நிறுத்தும். கேளாத கதையை அது தானாகச் சொல்லாது.

வகுப்பறைச் செயல்பாடு

1. குழுவுக்கு ஒருவராக, எல்லோரும் அறிந்த ஒரு தலைவரை அல்லது புலவரை வரையச் செய்க. முகமும் பெயரும் வேண்டாம். கையில் ஒரு பொருள் மட்டும்.
2. பிற குழுக்கள் அவர் யாரெனக் கண்டறியட்டும்.
3. அடுத்து, தம் ஊரிலோ வீட்டிலோ மட்டும் அறியப்பட்ட ஒருவரை அவ்வாறே வரையட்டும். இம்முறை கண்டுபிடிக்க முடிகிறதா? ஏன் முடியவில்லை?
4. வரைந்தவர் கதையைச் சொன்னபின் மீண்டும் படத்தைப் பார்க்கட்டும்.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையே என்ன மாறியது என்று மாணவர்களையே சொல்லச் செய்க. படம் மாறவில்லை. நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் விளக்கப்படங்களுக்கும் இது பொருந்தும். அவற்றுள் மாணவருக்கு நாம் இன்னும் கதை சொல்லாத படங்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.