‘பதிவு இல்லை’ என்று சொல்லுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ரத்தக் கொடையாளர் தேடல் பக்கத்தை நேற்று ராத்திரி திறந்து உட்கார்ந்தேன். முகப்பில் எட்டு ரத்தப் பிரிவுக்கும் எட்டுப் பொத்தான். ஓ நெகட்டிவைத் தொட்டேன். இரண்டு பேர் வந்தார்கள். ஓ பாசிட்டிவைத் தொட்டேன். ‘பதிவு இல்லை’ என்றது. ஏ, பி, ஏபி என்று மற்ற பாசிட்டிவ்களையும் தொட்டுப் பார்த்தேன். எதற்கும் ஆள் இல்லை. நம் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் பாசிட்டிவ்காரர்கள். உன் ஊரான லப்பைக்குடிக்காட்டில் மட்டும் ஒருத்தர்கூட இல்லாமல் போய்விடுவார்களா? கீழே உள்ள படிவத்தில் பிரிவைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் அதே ஓ பாசிட்டிவ்காரர்கள் திமுதிமுவென்று வருகிறார்கள்.

காரணம் இந்நேரம் உனக்குப் பிடிபட்டிருக்கும். பொத்தான்களுக்கான சுட்டியைக் கையால் எழுதியிருக்கிறாய். சுட்டியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல்குறியை சர்வர் இடைவெளி என்றுதான் படிக்கும். ‘ஓ’வும் ஒரு வெற்றிடமும் உன் தரவுத்தளத்துக்குப் போய், அப்படி ஒரு பிரிவே இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. கழித்தல்குறிக்கு இந்தத் தலையெழுத்து இல்லாததால் நெகட்டிவ்காரர்கள் தப்பினார்கள். படிவத்தை அனுப்பும்போது உலாவி தானாகவே கூட்டலைக் குறியீடாக்கி அனுப்பிவிடுவதால் அங்கே பிழை தெரியவில்லை. இடைவெளிக்குப் பதில் கூட்டல் என்னும் இந்த வழக்கத்தை எச்டிஎம்எல் 2.0 வரையறை ஏட்டில் ஏற்றியது 1995 நவம்பரில். திருச்சியிலிருந்து பிரிந்து உன் பெரம்பலூர் மாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதிதான். உன்னைவிட மூத்த வழக்கம். அதோடு சண்டை போடாதே. சுட்டியில் வைக்கும் எந்த மதிப்பையும் அதற்கென்று பிஎச்பியில் உள்ள குறியாக்கச் செயல்கூறு வழியாகவே அனுப்பு. இது ஐந்து நிமிட வேலை.

ஐந்து நிமிட வேலைக்காக இவ்வளவு நீளக் கடிதம் எழுதவில்லை. அந்த ‘பதிவு இல்லை’ என்ற இரண்டு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 2000களின் தொடக்கத்தில் ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பக்கம் ஒரு பெரியவரை மூன்று நாள் நடக்கவைத்தது. அவர் பெயர் உள்ளேதான் இருந்தது. இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் பதிவில் புள்ளி மட்டும் இருந்தது. தேடியவர் புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளியும் விட்டார். பக்கம் இல்லை என்றது, எழுத்தர் இல்லை என்றார், பெரியவர் தன் பெயரே தனக்கு மறந்துவிட்டதோ என்பதுபோல் நின்றார். நான்காம் நாள்தான் எனக்குத் தகவல் வந்தது. திரை சொன்னதை மறுத்துப் பேசும் தைரியம் நம் ஊரில் யாருக்கும் கிடையாது, தம்பி. அதனால் அந்தச் சொல்லைச் சொல்லும் உரிமையைப் பக்கம் முதலில் சம்பாதிக்க வேண்டும்.

உன் ஊரின் பெயரையே எடுத்துக்கொள். லப்பை என்பார், லெப்பை என்பார், இலப்பை என்று இலக்கணப்படி எழுதுவாரும் உண்டு. நடுவில் வரும் ஒற்றுகளைப் போடுவதும் விடுவதும் அவரவர் கைப்பழக்கம். ‘லப்பைக்குடிக்காடு’ என்பதில் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. யூனிகோடு கணக்கில் அது 17 குறிகள், ஏனென்றால் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனி. யுடிஎஃப்-8 பைட் கணக்கில் 51. உன் சரிபார்ப்பு வரியைப் பார்த்தேன்: 50க்கு மேல் போனால் ‘மிக நீளம்’ என்று திருப்பி அனுப்புகிறாய், அதுவும் பைட்டை எண்ணும் செயல்கூறைக் கொண்டு. ஊர் என்ற கட்டத்தில் உன் ஊரின் பெயரே ஒரு பைட்டால் தோற்றுப்போகிறது! பல்பைட் எழுத்துக்கென்று இருக்கும் செயல்கூறுகளுக்கு மாறு. பெயர் கட்டத்தில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று வைத்திருக்கும் விதியையும் திருத்து. யூனிகோடு பார்வையில் ‘க’ எழுத்து. அதன் மேல் உள்ள புள்ளியும் பக்கத்துத் துணைக்காலும் எழுத்தல்ல, ‘குறி’ என்ற வேறு வகை. குறி வகையையும் அனுமதிக்காவிட்டால் ஒரு மெய்யெழுத்துகூட உள்ளே வராது.

இனி மனிதர்களின் பெயர்கள். வேலை பெருகும் இடம் இதுதான்.

உன் பட்டியலில் முகமது இருக்கிறார், முஹம்மது இருக்கிறார், மொகம்மது இருக்கிறார். ரகுமானும் ரஹ்மானும் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் போட்டவர்கள் இன்னும் நாலு விதம். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை வாங்கினார். மைஎஸ்க்யூஎல்லிலும் அது இருக்கிறது. ஆங்கில எழுத்து முகமதுகளை அது ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துவிடும். ஆனால் முதல் எழுத்தை மட்டும் அது தொடுவதே இல்லை. ஆகவே ஜே போட்டு எழுதும் ஜைனபும் எஸ் போட்டு எழுதும் ஸைனபும் அதற்கு முன்பின் தெரியாத இரண்டு பேர். தமிழ் எழுத்துக்கோ அது உதவவே உதவாது.

நான் செய்வது இதுதான். பெயரை அவர் எழுதியபடியே ஒரு பத்தியில் வைப்பேன். அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன். அது அவருடைய பெயர். பக்கத்தில் தேடலுக்கென்று இன்னொரு பத்தி. அதில் இனிஷியல், புள்ளி, இடைவெளி போகும். ஹ எல்லாம் க ஆகும், ஜ, ஷ, ஸ மூன்றும் ச ஆகும், ஆய்தம் உதிரும், உயிர்க்குறிகளும் உதிரும், இரட்டித்த மெய் ஒன்றாகும். ரகுமானும் ரஹ்மானும் ர-க-ம-ன என்ற ஒரே எலும்புக்கூடாகிவிடுவார்கள். தேடுபவர் தட்டியதையும் அதே ஆலையில் அரைத்து ஒப்பிட வேண்டும். சலீமும் சலாமும் ஒன்றாகக் கலப்பார்கள் என்பாய். கலக்கட்டும். அச்சாகப் பொருந்துபவரை மேலே காட்டு, ஒத்தவர்களைக் கீழே ‘இவரா பாருங்கள்’ என்று காட்டு. ரத்தம் தேடி வருகிறவருக்கு இரண்டு பெயர் அதிகமாகப் பார்ப்பதில் வருத்தம் இராது. ஜைனபை வீட்டில் ஜெய்னம்பு என்று கூப்பிடுகிறோமே, அதற்கு எந்த விதியும் எட்டாது. வீட்டுப் பெரியம்மாக்களிடம் உட்கார்ந்து கையால் ஒரு சின்ன அகராதி எழுதிச் சேர்க்க வேண்டியதுதான்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘மொ’ என்பதை ஒரே துணைக்குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவாக்கும் இயல்பாக்கம் செய்தால் இது சரியாகிவிடும். ஆனால் ‘மௌலவி’யை ம, ஒற்றைக் கொம்பு, பிறகு ளகரம் என்று தட்டுகிறவர்கள் அநேகம். ளகரமும் ஔகாரக் குறியின் வாலும் கண்ணுக்கு ஒன்றே என்பதால் பிழை தெரியாது. இயல்பாக்கமும் இதைத் தொடாது. நீதான் தேடல் பத்தியில் மாற்ற வேண்டும். அதுவும் கொம்புக்குப் பின் வரும் ளகரத்தில் புள்ளியோ குறியோ இல்லாதபோது மட்டும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் உன் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறே ஔகாரத்துக்குள் அடித்துக்கொண்டு போய்விடும். (நம் அலுவலகங்களில் பல்லாண்டு புழங்கிய வானவில் எழுத்துருவின் பெயரே ஔவையார். அந்தப் பெயரைப் பிழையில்லாமல் தட்டியவர்களை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், விரல்கள் மிச்சம்.)

கட்டாயக் கட்டங்களைப் பற்றி ஒரு சொல். ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் வைத்து, நட்சத்திரக்குறியும் போட்டிருக்கிறாய். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படிவம் என்று தெரிகிறது. நமக்கு ஏதப்பா குடும்பப் பெயர்? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்ததே, நினைவிருக்கிறதா? பின்னர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். ஒரு நாட்டின் படிவம் இன்னொரு நாட்டின் பெயர் வழக்கத்தைப் புரிந்துகொள்ளாததால் வந்த தலைவலி அது. அதையே உன் ஊர்க்காரருக்கு உன் ஊர்ப் பக்கமும் கொடுக்க வேண்டுமா? பெயருக்கு ஒரு கட்டம் போதும்.

மாவட்டம் என்ற பட்டியலையும் எடுத்துவிடு. நான் அரியலூர்க்காரன். பிறந்தது திருச்சி மாவட்டம்; 1995இல் பெரம்பலூர்; 2001இல் அரியலூர்; 2002இல் மறுபடி பெரம்பலூர்; 2007இல் மறுபடி அரியலூர். இத்தனைக்கும் நாங்கள் ஒரு தடவைகூட வீடு மாறவில்லை. பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் எந்த வருஷத்துக்கு என்று கேட்கத்தான் தோன்றும். 2025இல் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது இதே கூத்தைப் பார்த்தோம். 2002, 2005 காலத்துப் பழைய வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடச் சொன்னார்கள். இன்று குன்னம் தொகுதியில் வாக்களிப்பவர் அங்கே குன்னத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அந்தத் தொகுதியே 2008 மறுவரையறையில் வந்தது.

இதுவரை சொன்னதெல்லாம் தட்டுகிறவரை நம்பு என்பது. இனி அதற்கு நேர் எதிராக ஒன்று. தெருப் பெயரில் ‘ஜுமுஆ’வை ஆங்கிலத்தில், நடுவே ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தேடினேன். உன் பக்கம் உடைந்து, எஸ்க்யூஎல் பிழைச் செய்தியும் அட்டவணைப் பெயருமாகக் குடலைக் காட்டியது. நான் தட்டியதை நீ அப்படியே கட்டளைக்குள் ஒட்டுகிறாய். என் மேற்கோள் குறி உன் மேற்கோளை மூடிவிட்டது. பக்திமான் ஒருவர் தெருப் பெயரைச் சரியாக எழுதியதற்கே இப்படியென்றால், குறும்புக்காரன் கையில் என்ன ஆகும்? 1998 டிசம்பரில் ஜெஃப் ஃபோரிஸ்டல் என்பவர் ‘பிராக்’ மின்னிதழில் இந்த ஓட்டையை விளக்கி எழுதிவிட்டார். அதன் பிறகும் 2015இல் பிரிட்டனின் டாக்டாக் நிறுவனம் இதே வழியில் ஏறத்தாழ 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்களைப் பறிகொடுத்து, நான்கு லட்சம் பவுண்டு அபராதத்துக்கும் ஆளானது.

மேற்கோள் குறியைத் தடை செய்யலாமா என்று யோசிக்காதே. அது பிறத்தியார் பெயரைக் கிள்ளுவது. பிஎச்பியே ஒரு காலத்தில் வரும் குறிகளுக்கெல்லாம் தானாகச் சாய்கோடு போட்டுப் பார்த்தது. பெயர்களில் கோடுகள் முளைத்ததுதான் மிச்சம். 2012இல் வந்த 5.4 பதிப்பில் அதைத் தூக்கி எறிந்தார்கள். சரியான வழி பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட். கட்டளையைக் காலியிடத்தோடு முதலில் அனுப்பு, மதிப்பைத் தனியாக அனுப்பு. அப்போது என்ன தட்டினாலும் அது மதிப்பாகவே கிடக்கும், கட்டளையாகாது. ‘நீங்கள் தேடியது’ என்று திரையில் திருப்பிக் காட்டும் இடத்திலும் எச்டிஎம்எல்லுக்கு உரிய மாற்றத்தைச் செய்துவிட்டே காட்டு. உள்ளே வாங்கும்போது வெட்டாதே. வெளியே விடும் வாசலில், அந்த வாசலுக்குத் தக்கபடி கட்டு.

கைபேசிக்குப் பத்து இலக்கம் என்ற விதி, விடுமுறையில் வந்திருக்கும் துபாய்க்காரரையும் குவைத்காரரையும் வெளியே நிறுத்துகிறது. நாட்டுக் குறியீட்டோடு 15 இலக்கம் வரை விடு. தேதி விஷயம் அதைவிட விபரீதம். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட்டே ரத்தம் கொடுக்கலாம் என்பதால் ‘கடைசியாகக் கொடுத்த நாள்’ கேட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் சாய்கோடு போட்டு 05/11/2024 என்று எழுதினால் பிஎச்பி அமெரிக்க வழக்கப்படி மே 11 என்று படிக்கும். சிறுகோடு போட்டால் நம் வழக்கப்படி நவம்பர் 5. நவம்பரில் கொடுத்தவரை டிசம்பரில் உன் பக்கம் மறுபடி கூப்பிடும். நாள், மாதம், ஆண்டு என்று மூன்று கட்டமாகப் பிரித்துவிடு.

கடைசியாக ஒன்று, இதைத் திருத்தும்வரை பக்கத்தை இறக்கி வை. பெயர் கட்டத்தில் ஒரே ஒரு சதவீதக் குறியைத் தட்டித் தேடினேன். எஸ்க்யூஎல் ஒப்பீட்டில் அதற்கு ‘எதுவானாலும்’ என்று பொருள். ஊர் முழுவதும் வந்து நின்றது, பெண்களின் கைபேசி எண்களோடு. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் இதைத் தடுக்காது. அந்தக் குறியை நீயே செயலிழக்கச் செய்ய வேண்டும். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும், அந்த வீட்டுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? திரையில் எண்ணே வேண்டாம். கேட்பவர் தன் எண்ணைப் படிவத்தில் எழுதட்டும், அது உங்கள் குழுவில் ஒருவருக்குப் போகட்டும், அவர் கொடையாளரை அழைக்கட்டும். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. அந்தப் படிவத்தைச் சேமித்ததும் பக்கத்தை வேறு முகவரிக்குத் திருப்பிவிட மறக்காதே. ஆற்றோரம் சிக்னல் விட்டுவிட்டு வரும், ஜனங்கள் பதறிப்போய்ப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள், திருப்பிவிடாவிட்டால் அதே படிவம் மறுபடி மறுபடி பதிவாகும்.

ஒரு குறிப்பேடும் தொடங்கு. ‘பதிவு இல்லை’ என்று பக்கம் சொன்ன ஒவ்வொரு தடவையும் என்ன தட்டப்பட்டது என்பதை மட்டும் அதில் எழுதி வைக்கட்டும். யார் தட்டினார்கள் என்பது வேண்டாம். அடுத்த மாதம் திட்டக்குடி வரை ஒரு வேலையாக வருகிறேன். ஆற்றைக் கடந்து அப்படியே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். டீ போட்டு வை, அந்தக் குறிப்பேட்டை வரிவரியாகப் படிப்போம்.

அன்புடன்,
அரியலூர் அண்ணன்