உலா வருவது யார்?

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், கருநாடகத்தின் எல்லையோரத்தில் இருக்கிறது அத்திபெலே. நம்மவர் அதனை அத்திப்பள்ளி என்பர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்கள் அங்குள்ள சுங்கச் சாவடியில் பேருந்து நிற்கும்போது ஒருமுறை கண் விழித்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுகின்றனர். தமிழில் 'அத்தி' என்னும் சொல்லுக்கு யானை என்ற பொருளும் உண்டு. ஊர்ப்பெயர் அதனால் வந்தது என்று கூற நான் முன்வரவில்லை. ஆயினும், அவ்வூருக்கு மேற்கே, ஆனேகல்லுக்கு அப்பால், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்கு யானைகள் நடந்து செல்லும் வழி இருக்கிறது என்பது உண்மை.

நம் மன்றத்து நண்பர் சிலர், ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் வழிகாட்டியோடு காடு காணச் செல்லும் சுற்றுலாவைப் பற்றி ஆவலோடு பேசிக்கொண்டிருந்தனர். செலவைக் கணக்கிட்டதும் பேச்சு ஓய்ந்துவிட்டது. அப்பயணம் எத்தகையது, அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது, நமக்குப் பக்கத்திலுள்ள காட்டை எப்படிக் காண்பது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

'சபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பதே அதன் பொருள். அரபு மொழியின் 'சபர்' என்னும் சொல் அதன் மூலம். ஐரோப்பிய வேட்டைக்காரர் சுமையாட்களோடு காடு புகுந்த காலத்தில் அது வேட்டைப் பயணத்தைக் குறிக்கலாயிற்று. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், ஆப்பிரிக்க எருமை ஆகிய ஐந்தையும் 'ஐம்பெரு விலங்குகள்' என்று வழிகாட்டிகள் இன்றும் கூறுவர். அவை உருவத்தில் பெரியவை என்பது கருத்தன்று. தரையில் நின்று வேட்டையாடுவோர்க்கு மிகுந்த இடர் தருபவை என்று வேட்டைக்காரர் வகுத்த பட்டியல் அது. துப்பாக்கி இருந்த கையில் நிழற்படக் கருவி வந்துவிட்டது. பட்டியல் மட்டும் மாறவில்லை. ஐந்தையும் பார்த்துவிட்டால் காட்டையே பார்த்துவிட்டதாக எண்ணுவோர் பலர்.

தமிழில் சபாரியைக் கானுலா என்கிறோம். உலா என்பது நம் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரும் அவனைக் கண்டு நிற்பர். வீதி உலா வருபவனுக்கு உரியது. காண்பவர் ஒதுங்கி நிற்பவர். அப்படியானால், கானுலாவில் உலா வருவது யார்? நாமா, விலங்கா?

வழிகாட்டியின் கலை

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா 1926-இல் அமைந்தது. 1927-இல் பார்வையாளரின் மோட்டார் வண்டிகள் அதனுள் விடப்பட்டன. அதன் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். குறித்த இடங்களில் அன்றி அங்கே வண்டியை விட்டு இறங்கலாகாது. நடந்து செல்ல விரும்புவோர் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடுதான் செல்லவேண்டும்.

நல்ல வழிகாட்டி முதலில் விலங்கைத் தேடுவதில்லை. காற்று வீசும் திசையைப் பார்க்கிறான். மனித வாடை விலங்குக்கு எட்டிவிட்டால் காட்சி கெடும். சில வேளைகளில் உயிரும் போகும். பிறகு அவன் தரையைப் படிக்கிறான். சாணத்தின் ஈரம், ஒடிந்த கிளை, மண்ணில் பதிந்த சுவடு யாவும் அவனுக்கு எழுத்துக்கள். யானையின் முன்னங்கால் சுவட்டைக் கயிற்றால் சுற்றி அளந்து, அந்த அளவை இரட்டித்தால், ஏறத்தாழ அந்த யானையின் தோள் உயரம் கிடைத்துவிடும்.

வழிகாட்டுதல் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்ட ஆற்றுப்படை நூல். நன்னனிடம் பரிசில் பெற்றுவரும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு மலைவழி கூறுகிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல்லிலிருந்து தப்புவது எப்படி என்றெல்லாம் எச்சரிக்கிறான். வழியோரத்து மக்கள் எத்தகையோர் என்பதையும் சொல்கிறான். விலங்கு, வழி, வழியோரத்து மக்கள் என்னும் மூன்றையும் ஒருசேரக் காட்டுபவனே முழுமையான வழிகாட்டி என்பது இதனால் விளங்கும்.

வேலிக்கு உள்ளே

இந்த அளவுகோலைக் கொண்டு நம் பக்கத்துக் காட்டை நோக்குவோம். பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டரில் உள்ள பன்னேர்கட்டா, 1974-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2002-இல் அதன் ஒரு பகுதி உயிரியல் பூங்காவாகப் பிரிக்கப்பட்டது. கானுலா வண்டி செல்வது இப்பகுதியில்தான். வண்டியின் சன்னல்களுக்குக் கம்பி. காட்டைச் சுற்றி வேலி. நடுவே புலியும் சிங்கமும் கரடியும்.

இதனை இழிவாக எண்ணிவிடலாகாது. வித்தை காட்டப் பழக்கப்பட்ட விலங்குகள் பலவற்றுக்கு இங்கே புகலிடம் கிடைத்தது. சிங்கம், புலி முதலியவற்றைக் காட்சிக்குப் பழக்கக் கூடாது என்ற தடையை 2001-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. சர்க்கஸ் கூண்டிலிருந்து வந்த சிங்கத்தையும், மூக்கில் கயிறு கோத்து ஆட்டுவிக்கப்பட்ட கரடியையும் காத்த இடம் இது. ஆயினும், வேலிக்குள்ளே உலா வருபவர் நாமே.

வேலிக்கு அப்பால்

தேசியப் பூங்கா இன்று ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர். அதன் தெற்கே தளி, சவளகிரிக் காடுகள். அவற்றைத் தொடர்ந்து 2014-இல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். மழைக்காலம் முடிந்து கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் இவ்வழியே வருகின்றன. சில கூட்டங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையையும் கடந்து சானமாவுக் காட்டை அடைகின்றன. 1980களில் இத்திசையிலிருந்து புறப்பட்ட சில யானைகள் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம் வரை சென்று தங்கிவிட்டன.

கூட்டத்தை நடத்திச் செல்வது மூத்த பிடி. எங்கே நீர், எப்போது புல் என்பதை அது நினைவில் வைத்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் 1980களின் தொடக்கத்தில் பிளிகிரிரங்கன் மலை, சத்தியமங்கலம் பகுதிகளில் ஆராய்ந்தார். பிடிகளைவிடக் களிறுகளே மிகுதியாகப் பயிரை நாடுகின்றன என்றும், முற்றிய காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகில் ஊட்டம் மிகுதி என்றும் அவர் கண்டார். ஆகவே பயிர் மேய்தல் யானையின் பகையன்று, பசி.

ஆனால் உழவனின் பசியும் பசிதானே! பல மாத உழைப்பு ஒரே இரவில் அழிகிறது. பரண்மேல் விழித்திருந்து, பட்டாசு வெடித்துக் காவல் காப்பவர் சில வேளை உயிரையும் இழக்கின்றனர். வேலியில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரத்தால் யானைகளும் மாள்கின்றன. இதற்கிடையே நகரம் காட்டை நெருங்குகிறது. பன்னேர்கட்டாவைச் சுற்றிய காப்பு வளையம் 2016-ஆம் ஆண்டு வரைவில் ஏறத்தாழ 269 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020-இல் இறுதி ஆணை வந்தபோது ஏறத்தாழ 169 ஆகச் சுருங்கியது.

எல்லையைக் கடக்கும் பாடம்

தென் ஆப்பிரிக்க நாடுகள் இங்கே நமக்கு ஒரு பாடம் தருகின்றன. அங்கோலா, போட்சுவானா, நமீபியா, சாம்பியா, சிம்பாப்வே என்னும் ஐந்து நாடுகளும் 2011-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தம் எல்லைக் காடுகளை ஒரே பெருநிலமாகக் கருதத் தலைப்பட்டன. அதன் பரப்பு ஏறத்தாழ 5,20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல் நான்கு மடங்கு. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே ஏறத்தாழ 2,28,000 யானைகள் இருந்தன.

அங்கும் குறைகள் உண்டு. குரூகர் பூங்காவின் வடபகுதியில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் 1969-இல் விலங்குகளின் பெயரால் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1998-இல்தான் நிலவுரிமை அவர்களுக்குத் திரும்பியது. வழியோரத்து மக்களை மறந்த காப்பு நியாயமாகாது என்பதற்கு இது சான்று. ஐந்து நாடுகள் பேசித் தீர்க்க முயல்வதை, நம் இரு மாநிலங்களும் இன்னும் நெருங்கிக் கூடிச் செய்ய இயலாதா? பயிர் இழந்தவனுக்கு விரைந்து ஈடு கொடுப்பதும், யானையின் வழியைக் கட்டடம் இன்றிக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

நண்பர்களே, பன்னேர்கட்டாவுக்குச் செல்லுங்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஆப்பிரிக்காவுக்கும் செல்லுங்கள். விலங்கைக் கண்டதும் அதன் வழி எங்கே போகிறது என்று வழிகாட்டியைக் கேளுங்கள். காட்டுச் சாலையில் ஒலி எழுப்பாதீர்கள், தின்பண்டம் எறியாதீர்கள். நாளை பொருள் ஈட்டி வீட்டுமனை வாங்கும்போது, அந்த மனை யாருடைய வழியில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.

அடுத்த முறை அத்திபெலேயில் பேருந்து நிற்கும்போது மேற்கே சற்று நோக்குங்கள். உலா வருவது அங்கே. ஒதுங்கி நிற்க வேண்டியவர் நாம்.